ஒன்பதாவது படம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கமரா இன்னமும் நன்றாக வேலை செய்கிறது. விசாரணைக்கென்று அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போன அதே திகதியில், அவருடைய நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வழக்கமான இடத்தில் நின்று இந்த வருடமும் என்னை நானே படம் எடுத்தேன். அண்ணாவுக்கு அன்றைக்கு இருந்த வயதை நான் தாண்டிவிட்டேன்.

முந்திய எட்டுப் படங்களையும் காணாமற்போனோர் கண்காட்சிக்காக மல்லாவியில் ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் கேட்டார்:

"தங்கச்சி, பின்னால நிக்கிற ஆளையும் வருசா வருசம் கூப்பிடுறனீங்களோ?"

இவ்வளவு காலமும் என் முகம் எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே பார்த்திருக்கிறேன். முதல் படத்தில் அந்த ஆள் தூரத்துச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். பிறகு மதகடியில். போன வருடம் எங்கள் வேலியோரம்.

ஆடியில் வருவதாக எழுதியிருந்தீர்கள். இந்த முறை வேண்டாம். வெயில் கடுமை, பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. படங்களையும் சேர்ட்டையும் தபாலில் அனுப்புகிறேன், பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த வருடப் படத்தில் அவரைக் காணவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகுதான் வேலிப் படலையைக் கவனித்தேன். அதைச் சாத்திக் கொளுவிவிட்டுத்தான் கமராவுக்கு முன்னால் வந்து நின்றேன், அக்கா. படத்தில் அது திறந்திருக்கிறது.

உங்கள் தங்கச்சி