உப்பு லொறியின் நான்கு போல்ட்டுகள்

ஜூன் 9, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இதிலாவது எழுதிவைக்கிறேன்.

விடிந்ததிலிருந்து தென்மேல் காற்று. பாயில் மணல், சோற்றில் மணல். தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. முழங்கால் வலிக் குளிசை இரண்டுதான் மிச்சம்.

நாசரின் ஜீப் கராஜிலிருந்து வந்துவிட்டது. என் மனைவியின் தம்பி என்று எழுதவே கை கூசுகிறது. இனி ந. போதும். முப்பத்து மூன்று இஞ்சி டயர், யாரோ கொழும்புக்காரன் கழற்றிப் போட்டது. மட்காட்டில் உரசியதால் வண்டியை உயர்த்தியிருக்கிறான். ஆலங்குடாக் கடலில் கைட் விளையாட வரும் வெள்ளைக்காரரை மணலில் ஏற்றித் திரிய.

மூன்று கிழமைக்கு முன் என் மனைவி ஃபரீனா வழியாகக் கேட்டனுப்பினான்.

"தம்பி கேக்கிறான், ஜீப்ப எப்பிடி உயர்த்தினா நல்லம் எண்டு. நீங்கதானே படிப்பிச்ச ஆள்."

"அவன்ட கராஜ் பாஸ்மார்ட்ட கேக்கச் சொல்லு." பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன். தொழில்நுட்பக் கல்லூரியில் பதினாறு வருடம் மோட்டார் பாடம் படிப்பித்தவனின் பதில்.

சொல்லியிருக்க வேண்டியது:

— 33 வேண்டாம். 31 போதும். மணலில் உயரத்தைவிட, டயரில் காற்றைக் குறைப்பதுதான் உதவும்.

— சேஸியிலிருந்து மேல்கூட்டை மட்டும் உயர்த்தலாம். டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் கூரையில் கைட் பலகைகளை ஏற்றினால் வளைவில் சாயும்.

— ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை. பின்னால் வைக்கலாம். முன்னால் ஒருபோதும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது அக்சில் முறுக்கும், கட்டை நழுவும், ஸ்டியரிங் கையில் நிற்காது.

— சரியானது: கூடுதல் வளைவுள்ள புது ஸ்பிரிங், நீண்ட ஷொக், நீண்ட பிரேக் ஹோஸ். இரண்டு இஞ்சி. அதற்கு மேல் ஆசைப்படாதே.

நான்கே விசயம். பாண் மெல்லும் நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று குறையவில்லை. மீன் இல்லை, பருப்பு.

தேநீர்க் கடை வாசலில் ஜீப். சுற்றி ஏழெட்டுப் பேர், மாப்பிள்ளையைப் பார்க்க வந்ததுபோல. குனியாமலே தெரிந்தது: முன்னாலும் கட்டை. மூன்று இஞ்சி.

வேண்டாம் வேண்டாம் என்றுதான் போனேன். வாய் கேட்கவில்லை.

"முன்னுக்குக் கட்டை வெக்கப்படாது நாசர்."

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை.

"அட, மச்சானுக்கு வாய் தொறந்திட்டு! கேட்டனுப்பினப்போ எங்க போன?"

எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்ததாக ஞாபகம். வெட்கம்.

"கட்டையப் பிடிக்கிற போல்ட் என்ன போல்ட்?"

"உப்பு லொறில கழட்டினது. பாஸ் சும்மா தந்தார். பத்து தொன் உப்ப தாங்கினது, இந்த ஜீப்ப தாங்காதா?"

கடைக்காரர்: "சேர், ஜீப் உயர்ந்தா உங்களுக்கு என்ன, கழுத்து வலிக்கிதா?"

திரும்பி வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள். லொறிச் சாமான் என்றால் பலம். உப்பளத்தில் இருபது வருடம் ஓடிய லொறி. உப்பு வெளியே காட்டாது, உள்ளே தின்னும்.

ஃபரீனா இரவுச் சோறு போடும்போது: "நீங்க வேணாம் எண்டு சொன்னா அவன் வேணும் எண்டே செய்வான். பேசாம இருங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை. ந.வின் ஜீப்பில்தான் வகுப்புப் பிள்ளைகள் புத்தளம் போவது. ஏழு பெண்பிள்ளைகள். ஒன்று என் மகள் ரிஃப்னா.

ஜூன் 11, புதன்

தூக்கம் இல்லை.

அஸர் தொழுகை நேரம் ந. பள்ளிவாசலுக்குள். ஜீப் வேலியோரம். நான் தொழப் போனவன், போகாமல் ஜீப்புக்கு அடியில். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

போல்ட்டுகளில் கறுப்புப் பெயின்ட், பளபளப்பு. வீட்டுக் கதவுத் திறப்பால் சுரண்டினேன். பெயின்ட் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே இரும்பு அடுக்கடுக்காக, பழைய பராட்டா மாதிரி. வலது பக்கப் போல்ட்டில் மரை பாதி இல்லை. பிரேக் ஹோஸ் வீணைக் கம்பிபோல இழுபட்டிருந்தது. கையை எடுக்கவே பயம்.

எழும்பும்போது பாங்கு சொல்லும் முஅத்தின், செருப்பைத் தேடிக்கொண்டு.

"என்ன சேர், அடியில?"

"திறப்பு விழுந்திட்டு."

"கிடைச்சிதா?"

"ஓம்."

அவர் என் கையையே பார்த்தார். விரலெல்லாம் கறுப்பு.

இப்போது விளங்குகிறது. ஏதும் நடந்தால் என்ன கதை வரும் என்று. சேர்தான் அடியில் படுத்து எதையோ கழற்றினார். நாசரோடு அவருக்குப் பழைய கோபம். முஅத்தினே கண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். போகவில்லை.

ரிஃப்னாவிடம், சனிக்கிழமை பஸ்ஸில் போ என்றேன்.

"ஏன் வாப்பா? மத்தவங்கட வாப்பாமார் ஒண்டும் சொல்லல்லையே."

"சொன்னதச் செய்."

"அப்ப ஷிஃபாவும் பஸ்ஸிலயா?"

ஷிஃபா ந.வின் மகள். ஜீப்பின் முன் சீட்டில் இருப்பவள். என் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டு ஆறு பேரை ஏற்றி அனுப்புகிறேன்.

ஜூன் 12, வியாழன்

சுபஹ் தொழுகைக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். முதலில் பொலிசுக்கு. இரண்டு பக்கம் ஓடிவிட்டது. வாசித்தால் ஜீப்பைப் பற்றி ஐந்து வரி. மிச்சமெல்லாம் மாமனாரின் தென்னங்காணி, கலியாண வீட்டில் என்னைப் பின்வரிசையில் இருத்தியது, அந்தப் பெட்டிசம். கிழித்தேன்.

அந்தப் பெட்டிசம். கல்லூரிச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று எவனோ பெயரில்லாமல் எழுதினான். நல்ல எழுத்து, பிழையே இல்லை. விசாரணை, இடமாற்றம், நானே விட்டு விலகினேன். எழுதியது ந. என்றுதான் இன்றுவரை நினைப்பு. அத்தாட்சி இல்லை. பெயர் போடத் துணிவில்லாத நாய் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், இதே மேசையில்.

இரண்டாவது கடிதம், ந.வுக்கே:

"உங்கள் ஜீப்பைக் கண்ட ஒரு மெக்கானிக் எழுதுவது. முன் அக்சில் கட்டைகளைக் கழற்றுங்கள். நான்கு போல்ட்டும் உப்பு தின்றவை. நம்பாவிட்டால் வலது பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. இவற்றை மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்."

இடது கையால் எழுதினேன். என் எழுத்து அவனுக்குத் தெரியும். அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அடியில் பெயர் எழுதப் பேனை போனது. என் பெயரைக் கண்டால் அவன் வாசித்து முடிக்கமாட்டான். முஅத்தின் என்னை ஜீப்புக்கு அடியில் கண்ட கதையும் அதோடு சேரும். இது உண்மை. பயமும் உண்மை. எது கூடுதல் என்று தெரியவில்லை.

ஒன்பது மணித் தபால் பை கட்டுவதற்குள் கற்பிட்டித் தபாலகத்தில் போட்டால், நாளை ஜும்ஆத் தொழுகைக்கு முன் தபால்காரர் கொடுத்துவிடுவார். கொடுக்க வேண்டும். சனி காலை கட்டை அப்படியே இருந்தால் ஜீப்புக்கு முன்னால் பாதையில் போய் நிற்பேன். அப்போது பெயர் தானாகத் தெரியும்.

ஃபரீனா கேட்கிறாள், இந்த நேரத்தில் எங்கே என்று. முழங்கால் குளிசை வாங்க என்றேன்.

முத்திரை ஒட்டியாயிற்று. பெயர் இல்லாமலே போடுகிறேன்.