செண்பகம் அத்தையின் பொட்டலம்

ஆனி 8, ஞாயிறு இரவு

நர்ஸிங் படித்த அக்கா புதன்கிழமை உகாண்டாவுக்குக் கிளம்புகிறாள். அங்கே அகதிகள் முகாமில் ஒரு வருடம் சம்பளமில்லாத சேவை. ஊரில் எல்லோரிடமும் சிங்கப்பூரில் வேலை என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று பக்கத்து வீட்டு செண்பகம் அத்தை, சிங்கப்பூரில் இருக்கும் தன் மகன் குமாருக்கு வடகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வந்தார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "வச்சிட்டுப் போங்க, கொடுத்துடுவா" என்றார்.

"உன் எழுத்துதான்டி அழகு. மேல குமார் பேரை எழுது" என்றார் அத்தை. எழுதிக் கொடுத்தேன்.

அவர் போனதும் அக்கா, "நான் என்னப்பா தப்புப் பண்றேன்?" என்று கேட்டாள். அப்பா நாற்றங்காலுக்குப் போய்விட்டார். திரும்பும்போது கடைத்தெருவில் கொசுவலை வாங்கி வந்து அக்காவின் பெட்டியில் வைத்தார்.

"சிங்கப்பூருக்கு எதுக்குப்பா கொசுவலை?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உகாண்டா என்று சொல்ல அப்பாவுக்கு வெட்கமா, என்னைப் போல பயமா? தெரியவில்லை. பொட்டலம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பொருள் வரவில்லை என்று குமார் அண்ணன் போன் செய்தால் அத்தை என்னிடம்தான் வருவார்.

அக்கா தூங்கிவிட்டாள். அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தால், அதையும் சிங்கப்பூரில் வந்தது என்றுதான் சொல்வோமா?