அந்தத் தாளில் நான் போட்ட கையெழுத்து

அக்கா,

இன்று காலை சிவகங்கையில் தொழிலாளர் அலுவலகத் தாழ்வாரத்தை ஓர் அம்மாள் ஃபினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாடை வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டேன். ஈரத்தரையில் தடம் விழுந்தால் நீங்கள் திட்டுவீர்களே, அந்தப் பழக்கம். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. விசாரணைக்கு உள்ளே கூப்பிட இன்னும் நேரமிருந்தது. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவிடலாமா என்று மூன்று முறை நினைத்தேன்.

ஆறு வருடம் இருவரும் தேவகோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். காரைக்குடிப் பக்கம், பெரிய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அறைகளுக்கு நான், முற்றத்துக்கும் கூடத்துக்கும் நீங்கள். விருந்தாளிகள் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் தரையையும் படம் எடுக்க வந்தால் நாம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவர்கள் கண்ணில் படக்கூடாது. "நம்மளப் பேய் மாதிரில்ல நடமாடச் சொல்றாக" என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. மேனேஜர் காதில் விழுந்துவிடுமோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பேன்.

நம்மை வேலைக்கு எடுத்தவர் ஓட்டல்காரர் இல்லை, ஒரு கான்ட்ராக்டர். அவரைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே வேலை பார்க்கிறோம் என்பதற்கு அடையாள அட்டை கேட்பீர்கள். அடுத்த வாரம் என்பார். மலேசியாவில் கட்டட வேலைக்குப் போன உங்கள் தம்பிக்குக் காலில் கம்பி விழுந்தது நினைவிருக்கிறதா? கட்டடக்காரர்கள் அவன் ஏஜென்ட் ஆள் என்றார்கள். ஏஜென்ட் அவன் கட்டடத்து ஆள் என்றான். பாஸ்போர்ட் யாரிடம் என்பதே தெரியவில்லை. அன்று போனை வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள்:

"கடல் தாண்டிப் போனாலும், இவன் எங்க ஆளுன்னு சொல்ல ஒருத்தனும் இல்ல பாத்தியா, புள்ள."

"நீங்க இனிமே கார்டு கேக்காதீக, அக்கா. நம்மள நிறுத்திட்டா என்ன செய்வோம்?" என்றேன்.

"நீ பயந்துக்கிட்டே இரு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றீர்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று வரவிருந்தது. மத்தியானம் முற்றத்துக்கு மேலே இருந்த வண்ணக் கண்ணாடிகளைத் துடைக்கச் சொன்னார்கள். அந்த அலுமினிய ஏணியின் ஒரு காலில் ரப்பர் இல்லை. நீங்கள் ஏற, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் மாடியிலிருந்து கத்தினார்: "ஆறாம் நம்பர்ல டவல் கேக்குறாங்க, ஓடு!"

நான் உங்களை அண்ணாந்து பார்த்தேன். "போயிட்டு வா. கண்ணாடி ஓடியா போயிரும்?" என்றீர்கள்.

கையை எடுத்தேன். டவலோடு பாதிப் படி ஏறியிருப்பேன், சத்தம் கேட்டது. வாளிதான் கவிழ்ந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் தரையில் கிடந்தீர்கள், துடைக்கிற துணி கையிலேயே இருந்தது. மேனேஜர் ஓடி வந்து முதலில் சொன்னது இதுதான்: "கெஸ்ட் பாக்குறதுக்குள்ள பின்வாசல் வழியாத் தூக்குங்க."

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆறு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. டீ வந்தது. பின்னாலேயே டைப் செய்த தாள் ஒன்று வந்தது. இறந்தவர் இங்கே பணிபுரியவில்லை, என்னைப் பார்க்க வந்தவர், தன் விருப்பத்தில் ஏணியில் ஏறினார் என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துதாம்மா. இல்லேன்னா ஏணியப் பிடிச்சிருந்தது யாரு, விட்டுட்டுப் போனது யாருன்னு போலீஸ் கேக்கும். பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைய வச்சிருக்க, யோசிச்சுக்க" என்றார்.

யோசிக்கவே இல்லை அக்கா. போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, நஷ்டஈடு கேட்கப் போனபோது ஓட்டலில் கொடுத்த அந்தத் தாளின் நகலோடு உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, அம்மா ஒங்களப் பாக்கத்தான் அங்குட்டு வந்தாகன்னு எழுதியிருக்கீக. ஆறு வருசமா, தினமுமா ஒங்களப் பாக்க வந்தாக?"

குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் கதவு தட்டப்பட்டால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். போலீசோ, உங்கள் மகளோ, யார் வந்தாலும் பயம். கடைசியில் நானே அவளைப் போனில் கூப்பிட்டு, "தொழிலாளர் ஆபீசுல நானே வந்து உள்ளதச் சொல்றேன்" என்றேன். எப்படியோ அது ஓட்டலுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே வர வேண்டாம் என்றார்கள். கான்ட்ராக்டர் கூப்பிட்டு, "காரைக்குடியில இனிமே எந்த ஓட்டல்ல நீ ஏறுறேன்னு பாக்குறேன்" என்றார்.

இன்று விசாரணையில் மேனேஜர் வக்கீலோடு எதிரே உட்கார்ந்திருந்தார். அதிகாரி தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமா சார். பயந்துபோய்ப் போட்டது."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும் பயமாத்தான் சார் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். உறவில்லை, கூட வேலை பார்த்தவள் என்றேன். ஏணியை விட்டுப் போனது நான்தான் என்பதையும் சொன்னேன். வக்கீல் சட்டென்று அதைக் குறித்துக்கொண்டார். உங்கள் மகள் அதை இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எப்படி முடியுமோ தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை, முன் சீட்டுக்குப் போய்விட்டாள். காளையார்கோவிலில் கூட்டம் இறங்கியது. அவள் எழுந்தபோது இங்கேயே இறங்கிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வந்து என் அருகில் உட்கார்ந்தாள். தேவகோட்டை வரை எழுந்து போகவில்லை.

நாளைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, "ஆளு வந்தாப் போதும்" என்றார்கள். உள்ளே போவதற்கு முன், என் பெயரைச் சொல்லி, இங்கே வேலைக்கு வந்திருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா.