சிலேட்டில் ஒன்பதாவது பெயர்

இந்தச் சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்ததும், சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய உன் எண்ணெயின் வாசனை. கை மட்டும் வேறு. "முன்ன இங்கன இருந்தவன் எங்க?" என்று கேட்டேன். "அந்த அண்ணாச்சி தையிலயே போயிட்டாவல்லா" என்று சொல்லிவிட்டு, என் தொந்தியில் நாலு தட்டுத் தட்டினான். நீ செத்துப்போன செய்தியைக்கூட எனக்கு எண்ணெயோடுதான் தேய்த்துவிட்டார்கள்.

தென்காசியில் நம் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். அறுபது பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள், ஒரே ஒரு பிரம்பு. இதில் ஓய்வில்லாமல் உழைத்தது பிரம்புதான். சாரல் விழுந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். கல்வி மேல் உள்ள அக்கறை அவருக்கு அருவியில் தண்ணீர் விழும்போதுதான் சுரக்கும். பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். அதனால் அன்று காலையில் மக்குப் பிள்ளைகளையெல்லாம் அருவிக்கு அனுப்பிவிடுவது தலைமை வாத்தியார் கண்டுபிடித்த கல்விமுறை. மிச்சமிருப்பவர்களைப் பார்த்து இன்ஸ்பெக்டர் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார்.

மக்குகள் யார் யாரென்று சிலேட்டில் எழுதித் தர வேண்டியவன் சட்டாம்பிள்ளையான நான். மனக்கணக்கில் நீ புலி. நான் புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீசையை முறுக்கிய பூனை. அந்த வருஷம் கணக்கில் முதலாக வருபவனுக்கு இன்ஸ்பெக்டர் கையால் ஒரு புத்தகம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக நீ தூக்கத்தில்கூட வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய். எட்டுப் பெயர் எழுதிய பிறகு, ஒன்பதாவதாக உன் பெயரை எழுதினேன்.

"இவன் கணக்குப் போடுவானேலே?" என்றார் தலைமை வாத்தியார்.

"திக்குவான் ஸார். பதில் வெளிய வாரதுக்குள்ள இன்ஸ்பெக்டர் ஊருக்கே போயிருவாரு."

அவர் சிரித்துவிட்டார். நான் சொல்லி ஒருவரைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் பார்த்து இன்ஸ்பெக்டர் முதலில் குளித்துவிட்டார். ஈரத் துண்டோடு நின்றவர் உன்னைப் பிடித்து, எந்தப் பள்ளிக்கூடம், இன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். நீயும் திக்கித் திக்கி, ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "மிச்ச ஒம்பது பேரை அருவியிலேயே பார்த்துட்டேன்" என்றார். புத்தகத்தை யாருக்கும் கொடுக்காமல் போய்விட்டார்.

மறுநாள் உனக்குத்தான் அடி. "திக்குத வாய்க்கு நேத்து மட்டும் எப்படிலே பேச்சு வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார் தலைமை வாத்தியார். அதன் பிறகு நீ பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தாய். நான் ஊர் ஊராகச் சிரிப்புக் கதை சொல்லும் மேடையைப் பிடித்தேன்.

இருபது வருஷமாக இந்தக் கதைதான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. எங்கே போனாலும் "அந்த அருவிக் கதை" என்பார்கள். உன்னைப்போலத் திக்கிக் காட்டுவேன். கூட்டம் உருண்டு விழும். இலஞ்சியில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நீயும் இருந்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. மறுநாள் அருவிக்கரையில் என் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாய்:

"ந... நல்லாச் சொல்லுதலே. அந்த ஒம்பதாவது பேரை எழுதுனவன் மட்டும் க... கதையில வரவே இல்லையே."

சிலேட்டை நீ அன்றைக்கே பார்த்திருக்கிறாய். உன் கை கூடுதலாக அழுத்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. திரும்பி உன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

போன வாரம் அதே பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. புதுத் தலைமை வாத்தியார் பிள்ளைகள் எண்ணிக்கை, வருகை, தேர்ச்சி என்று வாசித்தார், எல்லாம் நன்று. பிறகு என் முறை. இந்தத் தடவை நான் திக்கிக் காட்டவில்லை. பொறாமையில் உன் பெயரை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன்.  உடனே முன்வரிசையில் ஒருவர், "பாத்தியளா, அண்ணாச்சி தன்னையே கிண்டல் பண்ணிக்கிடுதாவ!" என்று கை தட்ட, கூட்டம் இருபது வருஷமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சிரித்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

மாலையின் ஈரம் முதுகில் இறங்கியது. அந்த இடத்தில்தான் உன் கை இன்னும் இருக்கிறது, அழுத்தாமல், நிற்காமல்.