பிசிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கையின் படிப்பை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் கால்வலி தேவலையா, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் வரிசை மாறிவிட்டது.

எனக்கு ஒரு குறையுமில்லை. குளிர் விடுகிறது. சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்கா இந்த ஊர்ப் பாஷையில் தினம் ஒரு வார்த்தை சொல்லித் தருகிறாள். கூரைப் பனி உருகிச் சொட்டுவதற்கு ஒரு வார்த்தை. மொட்டைக் கிளையில் முதல் பச்சை நூல்போல எட்டிப் பார்ப்பதற்கு ஒரு வார்த்தை. அதை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் தங்கையிடம் அதைச் சொன்னேன்.

"நூலாட்டம் நீட்டிக்கிட்டிருந்தா அது பிசிறுக்கா. நாங்க பார்த்தா வெட்டிப் போட்டுருவோம்" என்று சிரித்தாள்.

"நாங்கன்னா யாருடி?"

நீங்கள் போனை வாங்கி, "சிக்னல் சரியில்லம்மா" என்றீர்கள். அதுவரை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

தைத்த சட்டையில் பிசிறு வெட்டுவதை எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? இங்கே வருமுன் நானும் அந்தத் துணிக் கம்பெனியில் நின்றுகொண்டே வெட்டியவள்தான். அவளாவது உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதானே கிளம்பி வந்தேன்? வீட்டில் எத்தனை பெண் இருந்தாலும் அத்தனை பேரையும் அங்கே நிறுத்தினால்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா?

என் பழைய தமிழ் அகராதியை அனுப்புங்கள். இங்கே தமிழில் சண்டை போடக்கூட ஆளில்லை. ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வெளியே நில்லுங்கள்.