மேனேஜர் சட்டையில் பட்ட ஆயில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி தேவலாமா? நான் நன்றாக இருக்கிறேன். செல்போன் ஆயில் தட்டில் விழுந்து செத்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். பயப்பட ஒன்றுமில்லை.

வல்லம் வடகால் சைட்டில் நான் ஓட்டும் பழைய பொக்லைனில், பக்கெட்டைத் தூக்க ஆயில் போகும் ஹைட்ராலிக் ஓஸ் குழாய் ஒரு வாரமாகக் கசிந்தது. புது ஓஸ் கேட்டேன். சூப்பர்வைசர் டில்லிபாபு சைக்கிள் டியூபை நீட்டினார்.

"இத்த சுத்திக்கினு ஓட்டுடா. எங்க லீக்குன்னு கையால தடவிப் பாரு."

"கை போயிடும்ணே."

"இவுரு பெரிய கலெக்டரு கை!"

கைக்குப் பதில் அட்டையை நீட்டினேன். ஊசியாகப் பீய்ச்சிய ஆயில் அட்டையைத் துளைத்தது. ஓட்டையைக் காட்டினேன், சிரித்தார். டியூபைச் சுற்றித்தான் ஓட்டினேன். நேற்று அது பிய்த்துக்கொண்டதில், பீய்ச்சிய ஆயில் பார்வையிட வந்த மேனேஜரின் வெள்ளைச் சட்டையை நனைத்துவிட்டது. அரை மணி நேரத்தில் புது ஓஸ் வந்தது! என் கைக்காக வராதது, ஒரு சட்டைக்காக வந்தது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஆயில் பிரஷரை வெளியேற்றிவிட்டு நானே மாட்டினேன். இப்போது ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஆயில் துடைக்கத் துணிகூட இங்கே தருவதில்லை. உங்கள் பழைய லுங்கி இரண்டு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

மருதவாணன்