குதிரையை வெட்டாத வெள்ளிக்கிழமை

அன்பான அத்தானுக்கு,

போன புதன்கிழமை உங்களைத் தகனம் செய்தோம். வெள்ளிக்கிழமைப் பேப்பரில் உங்கள் நகர்த்தல் வந்திருந்தது. மோர்னிங்சைட் தமிழ்க்கடை வாசலில், மீன் வாங்க வந்த சனத்துக்கு நடுவே நின்று செஸ் மூலையை விரித்துப் பார்த்தேன். உங்கள் குதிரை என் ராசாவுக்குப் பக்கத்தில், ஒரு காவலும் இல்லாமல் தன்பாட்டில் நிற்கிறது. செத்த பிறகும் என்னைச் சீண்டுகிற மனுசன் நீங்கள் ஒருவர்தான்.

இந்தக் கிழமை இந்த மூலை எனக்கு. பேப்பர் ஆசிரியர் போன் எடுத்தார். "அண்ணை, அவர் எழுதின இடத்தை வெறுமையா விடேலாது. உங்கட நகர்த்தலைத் தாங்கோ. அவரைப் பற்றி ரெண்டு வரியும் எழுதித் தாங்கோ" என்றார். ரெண்டு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்?

ஒன்றரை வருஷமாக நாங்கள் இருவரும் பேப்பரில் ஆடியதை வாசகர்கள் அறிவார்கள். வாரம் ஒரு நகர்த்தல்: ஒரு கிழமை உங்களுடையது, மறு கிழமை என்னுடையது; இரண்டையும் பற்றி எழுதுவது நீங்கள்தான். நீங்கள் மில்லிக்கனில், நான் மோர்னிங்சைட்டில். ஒரே நகரம்தான், ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் பேப்பரில்தான் ஆடவேண்டும் என்று நின்றீர்கள். "நேரில ஆடினா நீர் கத்துவீர், மச்சான். பேப்பரில எண்டா ஒரு கிழமை யோசிப்பீர்" என்று அக்காவுக்கு முன்னால் சொல்லிச் சிரித்தீர்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தா.

வாசகர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கடைசி எட்டு மாதம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிருபராக இருந்தபோது சங்கக் கூட்டத்தையும் பஸ் விபத்தையும் பரிசளிப்பு விழாவையும் ஒரே அக்கறையோடு எழுதியவர் நீங்கள். கரண்ட் இல்லை, கடதாசி இல்லை என்ற காலத்திலும் மூன்று கிழமைக்குரியதை முன்கூட்டியே எழுதி வைப்பீர்கள். "பேப்பர் வராத கிழமை இருக்கலாம். நான் எழுதாத கிழமை இருக்கக்கூடாது" என்பீர்கள். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து பகலெல்லாம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினீர்கள். வேலை முடிந்து வந்து ஊர்ச் சனத்தின் மரணக் குறிப்புகளை எழுதினீர்கள். மற்றவர்களின் பேனாவில் செத்தவர் எல்லாரும் கொடைவள்ளல். உங்கள் பேனாவில் மட்டும் செத்தவர் செத்தவராகவே இருப்பார்.

பிறகு என் அப்பா செத்தார். உங்களுக்கு மாமனார். பஸ் தரிப்பில் நின்று பேப்பரைத் திறந்தேன். முதல் வரி: "அவர் பெரிய கோபக்காரர்." அவ்வளவுதான். பேப்பரைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உங்களுக்குப் போன் எடுத்தேன். "என்ரை அப்பாவைப் பற்றி எழுத நீர் ஆர்?" என்றேன். உங்களை ஒருநாளும் நீர் என்று சொன்ன வாய் இல்லை, அத்தான்.

நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "முழுக்க வாசிச்சனீரோ?" நான் போனைத் துண்டித்தேன்.

அதற்குப் பிறகு என் நகர்த்தலை ஆசிரியரிடம்தான் சொன்னேன். உங்கள் நகர்த்தல் துணிச்சலாக இருந்தால், ஆள் சுகமாய் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உங்கள் முறை வருகிற வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். நீங்களும் என் காய்களுக்குள் என்னைத் தேடினீர்களா?

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். மேசையில் ஒரு என்வலப்பை வைத்தா. "உனக்குத்தான். 'கோபம் ஆறி வருவான், வந்தா குடு' எண்டவர்."

பிரித்தேன். மேலாக அப்பாவைப் பற்றிய அந்த மரணக் குறிப்பு, பேப்பரில் இருந்து வெட்டி எடுத்தது. "அவர் பெரிய கோபக்காரர்" என்பதற்குப் பிறகு அடுத்த வரியை அன்றைக்குத்தான் வாசித்தேன். "கோபம் ஆறியதும் தானே போய்க் கதவைத் தட்டுவார், அதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை."

ஐயோ அத்தான், அது எவ்வளவு உண்மை! அப்பா அப்படித்தான். அவர் பெற்ற பிள்ளை எட்டு மாதமாக ஒரு பஸ் மாறி வரவில்லை. அக்காவின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அதற்குக் கீழே, வரப்போகிற மூன்று கிழமைக்கும் நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்த செஸ் மூலை. பழக்கம் விடவில்லை உங்களுக்கு. இந்தக் கிழமைக்குரியதில் எழுதியிருக்கிறீர்கள்: "எதிர்பார்த்தபடியே மச்சான் குதிரையை வெட்டிவிட்டார். இனி இரண்டே நகர்த்தலில் அவருடைய ராசா விழும்."

என் சேட்டுப் பொக்கற்றில் இருந்த துண்டுக் கடதாசியை எடுத்து அக்காவிடம் காட்டினேன். ஆசிரியருக்குச் சொல்ல எழுதி வைத்திருந்த நகர்த்தல். குதிரையை வெட்டுதல். அக்கா அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. செத்த வீட்டுக்குப் பிறகு அவ சிரித்தது அப்போதுதான்.

"இனி ஆர் அக்கா அத்தானுக்காக ஆடுறது? இதோட முடிஞ்சுது" என்றேன்.

"ஏன் முடியுது? அவற்ற கை நடுங்கத் தொடங்கினாப் பிறகு உந்த மூலை முழுக்க ஆர் எழுதினது எண்டு நினைச்சாய்? அவர் சொல்லச் சொல்ல நான்தான். உன்ரை விளையாட்டு எனக்கு வடிவாத் தெரியும்."

உங்கள் கை எப்போது நடுங்கத் தொடங்கியது? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சொல்வதற்கு நான் எங்கே இடம் விட்டேன்.

இந்தாருங்கள் என் நகர்த்தல்: குதிரையை வெட்டவில்லை. ராசாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைக்கிறேன். உங்கள் செய்தி இந்த ஒருமுறை பிழையாய்ப் போனது, மன்னித்துக்கொள்ளுங்கள். வாற வெள்ளிக்கிழமை உங்கள் பக்கத்துக்கு அக்கா ஆடுவா. அவ உங்களைவிடப் பொல்லாதவ போலத்தான் தெரிகிறது.

ஒன்று சொல்லுகிறேன், அத்தான். இனிச் சனிக்கிழமைதோறும் மில்லிக்கனுக்கு வந்து நானே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவேன். வெட்கப்படமாட்டேன்.

இப்போதுதான் முழுக்க வாசித்து முடித்த,
உங்கள் மச்சான்
சிவநேசன்